கடலில் இறங்காத வாத்து

பிப்ரவரி 3
தீவிலிருந்து

வாத்துக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் வெறும் வாத்து. கோபம் தணிந்த பிறகு அந்த வார்த்தையைத் தனியாக அனுப்பிவைக்கிறேன், எடுத்து ஒட்டிக்கொள்.

உன் எண்ணை முடக்கி வைத்திருக்கிறேன். போனில் என்றால் நான் ஒரு வரி திட்டுவதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாய், பிறகு நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உனக்குக் கல்யாணம் ஆன புதிதில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டவர்கள்தானே நாம், எழுத மறந்திருக்காது. தபால் படகில் வருகிறது, படகில் போகிறது.

படகுத்துறையில் இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றேன். வந்த குள்ளப் பெண்கள் எல்லாம் நீயாகத் தெரிந்தார்கள். ஒருத்திக்குக் கையை வேறு ஆட்டித் தொலைத்தேன். அவள் பயந்துபோய்த் தன் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் உன் செய்தி வருகிறது. "வர முடியலை. கோவிச்சுக்காதே." அவ்வளவுதான். இத்தனை வருஷமாக "ஐம்பது வயசு ஆகட்டும், மறுபடியும் பையைத் தூக்கிக்கிட்டுப் போவோம்" என்று நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய்? நானா கேட்டேன்?

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு மாத லீவு வாங்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. ஏறிவிட்டேன்.

தீவு இருக்கிறது. நாம் இருந்த ஓலைக் குடிசைகளுக்குத் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். சாய்ந்த தென்னை விழுந்துவிட்டது. மணல் அப்படியேதான், காலை வைத்தால் மாவு மாதிரி உள்வாங்குகிறது. குடிசைக்கார அக்கா நன்றாகப் பருத்துவிட்டாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவள் கேட்டது என்ன தெரியுமா?

"உங்க கூட ஒரு நீச்சல்காரப் பொண்ணு வந்துச்சே, அது எங்க?"

என் உயரம் அவளுக்கு நினைவில்லை. நான் மூன்று வாரம் கழுவிக் கொடுத்த தட்டுகள் நினைவில்லை. உன் நீச்சல் நினைவிருக்கிறது. எரிகிறது எனக்கு.

கொக்கு

பிப்ரவரி 9
வீட்டிலிருந்து

என் கொக்குக்கு,

நீ திட்டியது போதாது, இன்னும் திட்டு. நியாயம்தான்.

முழங்கால் வலி என்று உனக்கு முன்பே சொல்லியிருந்தேனா? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. அதோடு தையல் கடைக்குப் பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று திடீரென்று வந்து விழுந்தது. வெட்டும் மேசையில் என்னை விட்டால் அளவு பிசகாமல் வெட்ட ஆள் இல்லை என்று முதலாளி கெஞ்சினார். மகளின் மாமியார் வீட்டிலிருந்தும் வருவதாகச் சொன்னார்கள். எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டது. கடைசி நிமிஷத்தில் சொன்னது தப்பு.

அக்கா என்னைக் கேட்டாளா? நிஜமாகவா? எப்படிக் கேட்டாள், சிரித்துக்கொண்டா? இன்னும் அந்தக் கரகரக் குரல்தானா? தகரக் கூரையில் மழை பெய்தால் சத்தம் எப்படி இருக்கிறது? நமக்கு ஓலைதான். ஒழுகும் இடத்தில் எல்லாம் சட்டி வைத்துவிட்டு நடுவில் இருந்த காய்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தோமே, நீ காலை நீட்ட முடியாமல் மடக்கிக்கொண்டே தூங்கினாயே. வலைத் தூளி இருக்கிறதா? மாலையில் தண்ணீர் அந்தப் பச்சை நிறத்துக்கு மாறுகிறதா, அல்லது நாம்தான் அப்படி நினைத்துக்கொண்டோமா? காலையில் முதல் வேலையாகக் கடலுக்குள் போகிறாயா? குளிர்கிறதா? எவ்வளவு தூரம் போகிறாய்?

நீ அண்ணன் அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் பரணிலிருந்து என் பழைய முதுகுப்பையை இறக்கித் துவைத்துக் காயப்போட்டிருந்தார். நான் போகவில்லை என்றதும் ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தொங்கிப் பழுது பார்க்கிற மனிதருக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரியும். பை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. மடித்து மேலே வைக்க எனக்கு மனசு வரவில்லை, அவருக்கும் வரவில்லை போல.

எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விடாதே.

வாத்து

பிப்ரவரி 15
தீவிலிருந்து

அடியே புளுகி,

ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று சொன்னாய் பார், அங்கே மாட்டிக்கொண்டாய். ஹாஸ்டல் வார்டனிடம் பொய் சொல்லும்போதும் இப்படித்தான். "தலைவலி மேடம், அதோட பஸ் வேற லேட்டு, அதோட எங்க சித்தி வந்திருந்தாங்க." நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

சரி, கேட்டதற்குப் பதில். தூளி இருக்கிறது, இப்போது நைலான். தகரத்தில் மழை பெய்தால் பேசுவது கேட்காது, கத்த வேண்டும். தண்ணீர் அந்தப் பச்சைக்கு மாறுகிறது. நாம் பொய்யாக நினைத்துக்கொள்ளவில்லை.

இங்கே எனக்கு வேலையே இல்லை. எழுந்ததும் காபி. பிறகு தூளி. பசித்தால் சோறும் மீனும். வெயில் இறங்கினால் கரையோரம் ஒரு நடை. கடைக்கு வருகிறவர்களின் மூக்கைப் பார்த்துப் பார்த்தே வாழ்க்கை போயிற்று, இங்கே யார் மூக்கையும் பார்க்க வேண்டியதில்லை என்பதே பெரிய சுகம். பக்கத்துக் குடிசையில் இரண்டு சின்னப் பெண்கள் பெரிய பெரிய பைகளோடு வந்திருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் துண்டை எடுத்துவிட்டாள் என்று நேற்று ஊரே கேட்கச் சண்டை. இன்று ஒருத்தி மற்றவளுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, "என்ன ஆன்ட்டி?" என்றாள் ஒருத்தி. ஒன்றுமில்லை என்றேன்.

இருபத்து மூன்று வயசில் வீட்டில் 'வேலைப் பயிற்சி' என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒரு வாரத்துக்கென்று வந்தவர்கள், காசு தீர்ந்த பிறகும் அக்காவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்துத் தங்கினோம். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நிற்பேன். "கொக்கு மாதிரி நிக்காதடி, உள்ள வா" என்று நீ கத்தியதில்தான் எனக்கு இந்தப் பெயர். நீ தண்ணீரை விட்டு வெளியே வரவே மாட்டாய், அதனால் உனக்கு அந்தப் பெயர். என் முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மிதக்கச் சொல்லிக்கொடுத்தாய். "விட்டுடாதடி, விட்டுடாதடி" என்று நான் அலறிக்கொண்டிருந்தேன். நீ எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தாய்.

அப்படிப்பட்ட நீ முழங்கால் வலி என்று கடலுக்கு வராமல் இருப்பாயா? தண்ணீரில் முழங்காலுக்கு என்ன வேலை?

அண்ணன் விடவில்லையா? உண்மையைச் சொல். அப்படியென்றால் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். அண்ணன் என்றும் பார்க்க மாட்டேன்.

கொக்கு

பிப்ரவரி 21
வீட்டிலிருந்து

கொக்கு,

அவரை ஒரு வார்த்தை சொல்லாதே. அவருக்கு எழுதவும் எழுதாதே. போன வருஷம் முழுக்க என்னைக் குளிப்பாட்டி விட்டவர் அவர்.

சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல முடியாது, போனிலும் முடியாது. கடிதம் என்று நீ ஆரம்பித்து வைத்தது நல்லதுதான்.

போன சித்திரையில் குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில். வலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன். மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கேன்சர் என்றார்கள். மார்பை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மருந்து ஏற்றினார்கள். "பேன் தொல்லைடி, ஒட்ட வெட்டிட்டேன்" என்று வீடியோவில் உனக்கு என் தலையைக் காட்டினேனே, நீகூட "நல்லாத்தான் இருக்கு, பத்து வயசு குறைஞ்ச மாதிரி" என்றாயே, அப்போது நான் இரண்டாவது ஊசி முடிந்து வந்திருந்தேன். நீ அவ்வளவு ஆசையாகச் சொன்னது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு நிமிஷம் அது பேன் தொல்லைதான் என்று நானே நம்பினேன். அதற்காகவே உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் என்று வைத்துக்கொள். எனக்கு ஒன்றும் ஆகாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. அது நீதான்.

இப்போது நன்றாக இருக்கிறேன். இடது கைதான் வீங்கிக்கொள்கிறது, இறுக்கமான உறை ஒன்று போட்டுக்கொள்கிறேன். வேலைக்குப் போகிறேன். சீருடை ஆர்டர் பொய் இல்லை.

வருவதாகத்தான் இருந்தேன். மகள் நீச்சல் உடை வாங்கிக் கொடுத்திருந்தாள், முழுக் கை வைத்தது. கிளம்புகிற அன்று காலையில் போட்டுப் பார்த்தேன். நாளெல்லாம் துணி வெட்டுகிறவள் நான், ஒரு உடம்பில் துணி எப்படி விழும் என்று எனக்குத் தெரியாதா? நனைந்தால் ஒட்டும். ஒரு பக்கம் விழுந்துபோன கூடாரம் மாதிரி இருக்கும். நீ பார்ப்பாய். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அடிவானத்தைப் பார்ப்பாய். மற்றவர்கள் அப்படிச் செய்வது எனக்குப் பழகிவிட்டது. அங்கே, அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, நீயும் அப்படிச் செய்தால் எனக்குப் போக வேறு இடம் இல்லை.

உடையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இதற்குப் பதில் எழுதுவதானால் 'ஐயோ பாவம்' என்று மட்டும் எழுதாதே.

வாத்து

பிப்ரவரி 28
தீவிலிருந்து

வாத்து,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் வெறும் கெட்ட வார்த்தைகள். இரண்டாவதில் அழுகை. மற்ற இரண்டில் ஆஸ்பத்திரி, டாக்டர் என்று கேள்வி மேல் கேள்வி, எனக்கே பிடிக்கவில்லை. இது ஐந்தாவது.

கோபம் போகவில்லை. சொல்லிவிடுகிறேன். யார் யாருக்குத் தெரியும்? அண்ணனுக்கு, மகளுக்கு, அவள் மாமியாருக்கு. தையல் கடைப் பெண்களுக்குத் தெரிந்திருக்கும், எத்தனை நாள் லீவு போட்டிருப்பாய். பட்டன் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் உன் மொட்டைத் தலையைப் பார்த்துப் பத்து வயசு குறைந்துவிட்டது என்று பல்லைக் காட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அக்கா தட்டைப் பார்த்துவிட்டு "மீன் நல்லா இல்லையா?" என்று கேட்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள், யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்திருப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் ஆகாத இடம் நீ என்று எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்பப் படித்தேன். பெரிய பெருமைதான். ஆனால் வாத்து, அந்த வேலை எனக்கு வேண்டாம். உனக்கு ஏதாவது ஆனால் முதலில் தெரிய வேண்டியவள் நான். அந்த வேலையைக் கொடு.

இன்னொன்று. நான் அடிவானத்தைப் பார்க்க மாட்டேன். அது உன் உடம்பு, எனக்கு என்ன கூச்சம்? நேராகப் பார்ப்பேன். பார்த்துவிட்டு எனக்கு அழுகை வந்தால் அழுவேன். நீ அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அழுது முடித்ததும் சாப்பிடப் போவோம்.

கடைக்குப் போன் செய்து லீவை நீட்டிவிட்டேன். முதலாளி கத்தினார். கத்தட்டும். படகு வாரத்தில் இரண்டு நாள் வருகிறது.

வா என்று நான் எழுதவில்லை. எழுதாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

கொக்கு

மார்ச் 6
வீட்டிலிருந்து

கொக்கு,

உன் கடிதத்தை வெட்டும் மேசையில் நின்றபடியே படித்தேன். காக்கித் துணியில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. யாரோ ஒரு பையனின் கால்சட்டையில் என் கண்ணீர் இருக்கிறது, பாவம்.

பட்டன் கடைக்காரருக்குத் தெரியும். ஊகித்துவிட்டாய்.

உன் அண்ணனிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, சுற்றி வளைத்தேன். "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம்..." என்று இழுத்தேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முழங்காலை ஏன் நடுவுல இழுக்கிற? போகணுமா, வேணாமா?"

"போகணும்தான். போயி எனக்குப் பிடிக்கலைன்னா?"

"அடுத்த படகுல திரும்பி வா. நான் துறையில வந்து நிக்கிறேன்."

"பிடிச்சுப்போச்சுன்னா?"

"அப்போ இரு. எனக்கு ரசம் வைக்கத் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "சுமாராத் தெரியும்" என்றார்.

மகள் வாங்கியதை ஒதுக்கிவைத்துவிட்டேன். நானே ஒன்று வெட்டித் தைத்திருக்கிறேன், கெட்டியான கறுப்புத் துணியில், முன்பக்கம் இரண்டு அடுக்கு வைத்து. ஒட்டாது என்று நினைக்கிறேன். ஒட்டினால் ஒட்டட்டும் என்று சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. கடலில் இறங்குவேன் என்று சத்தியம் செய்யவும் முடியாது. கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் திரும்புவேன். அதற்கு நீ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது.

பையை என்னால் தூக்க முடியாது. படகிலிருந்து நீதான் இறக்க வேண்டும்.

வியாழக்கிழமைப் படகு.

வாத்து

மார்ச் 27
தீவிலிருந்து

என் வாத்துக்கு,

உன் படகு புள்ளியாகும் வரை நின்றேன். இப்போது இந்தக் குடிசை எனக்குப் பெரிதாகிவிட்டது. தூங்கும்போது தாராளமாகக் காலை நீட்ட முடிகிறது, தூக்கம்தான் வரவில்லை. நாளை மறுநாள் நானும் கிளம்புகிறேன்.

முதல் நாலு நாள் நீ கரையிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததை அக்காவாலேயே தாங்க முடியவில்லை, "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாய். நீ தைத்த கறுப்புச் சட்டையைக்கூடப் போடவில்லை. பழைய இரவு உடையோடு அப்படியே. இடுப்பளவு போகும்வரை நான் இரண்டு பிரஷ்ஷையும் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அப்புறம் நீ தலையை உள்ளே விட்டாய். மேலே வர நேரம் ஆயிற்று. எனக்கு உயிர் போய்விட்டது. தூரத்தில் எழுந்து, மூக்கிலிருந்து தண்ணீரைச் சீந்திக்கொண்டு சிரித்தாய்.

சிரித்தது உன் பழைய சிரிப்பு என்று எழுத நினைத்தேன். இல்லை. பழையதில் இவ்வளவு சத்தம் கிடையாது.

நீ கரைக்கு வந்தபோது துணி ஒட்டித்தான் இருந்தது. நான் பார்த்தேன். எழுதியபடியே நேராகப் பார்த்தேன். தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய், தொட்டேன். இத்தனை நாள் அதை ஏதோ பெரிய பள்ளம் என்று கற்பனை செய்து பயந்திருந்தேன். ஒரு கோடு. கொஞ்சம் வளைந்த கோடு. "தையல் சரியில்லை, என்கிட்ட விட்டிருந்தா நேரா அடிச்சிருப்பேன்" என்றாய். நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகுதான் அழுதேன், தெரியும் உனக்கு. நீ என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாய், நனைந்தவள் நீ.

மிதக்கும்போது எனக்கு இன்னும் கழுத்து விறைக்கிறது. உன் உள்ளங்கை இருந்தால் விறைக்கவில்லை. இந்த வயசில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

படகில் ஏறும்போது ஏப்ரலில் ஸ்கேன் என்று சொன்னாய். எஞ்சின் சத்தத்தில் சொன்னால் எனக்குக் கேட்காது என்று நினைத்தாய் போல. கேட்டது. தேதியை எழுது. நான் வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை.

உன் அன்புள்ள (இதோ, அனுப்பிவிட்டேன்)
கொக்கு

ஏப்ரல் 19
வீட்டிலிருந்து

அன்புள்ள கொக்கு,

உன் ரயில் கிளம்பியதும் நானும் இவரும் வீட்டுக்குக் கிளம்பினோம். ஆட்டோவில் பாதி வழியில், "அவ வந்தது நல்லதாப் போச்சு" என்றார். போன வருஷம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் தனியாக எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் வந்தது அந்த நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் "ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றபோது நீ என் கையை ஏன் அப்படி நசுக்கினாய்? வீங்கிய கை அது. இரண்டு நாள் வலித்தது. வலிக்கட்டும் என்று உறையைக்கூடப் போடாமல் இருந்தேன்.

அந்த நர்ஸ் பெண், "வீட்டு ஆளுங்க மட்டும்தான் உள்ள வரலாம், நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கேட்டதற்கு, "மாமியார்" என்றாயே. அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழி விட்டாள் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு வயசாகவா தெரிகிறாய்? தையல் கடையில் சொன்னேன், மதியம் முழுக்க வேலை நடக்கவில்லை. அவர்களிடம் தீவைப் பற்றியும் சொன்னேன். கடலில் இறங்கியதையும் சொன்னேன். ஒருத்தி, பட்டன் துளைக்குக் காஜா அடிக்கிற பெண், சின்ன வயசு, சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தனக்கும் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வீட்டில் சொல்ல பயமாக இருக்கிறது என்றாள். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நேற்று மகள் வந்திருந்தாள். நான் தீவைப் பற்றிப் பேசிப் பேசி அவள் காது புளித்துப்போயிருக்கும். வெயிலில் உரிந்த என் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் நானும் வரட்டுமாம்மா?" என்றாள்.

"நீ உன் சினேகிதி யாரையாவது கூட்டிக்கிட்டுப் போடி" என்றேன். "என்கூட வர ஆள் இருக்கு."

வாத்து